பழைய ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்பீக்கர்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியம் தெரிந்தவர்கள், எங்காவது ஒரு ஜோடி கண்ணில் பட்டால் உடனே படம் எடுத்து அனுப்பி "வாங்கலாமா?" என்று கேட்பார்கள். படத்தை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அடுத்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். 1960களிலிருந்து 1980கள் வரை வந்த, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பதற்கான ஸ்பீக்கர்களை மனதில் வைத்து எழுதியது இது.

40, 50 வருஷத்துப் பழைய ஸ்பீக்கரை எதுக்கு வாங்கணும்? புதுசே வாங்கிடலாமே?

தாராளமாகப் புதிது வாங்கலாம். ஸ்க்ரூடிரைவரைத் தொட விருப்பமில்லை, வாங்கிய அன்றே பாட்டு ஓட வேண்டும் என்பவருக்கு நானே புதியதைத்தான் சொல்வேன்.

பழையதில் கிடைப்பது வேறு சுகம். 10 அங்குல, 12 அங்குல ஊஃபரும் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய யூனிட்) அதற்கேற்ற பெரிய மரப்பெட்டியும் அன்று சாதாரண வீட்டு ஸ்பீக்கரிலேயே இருந்தன. இன்று அந்த அளவு வேண்டுமென்றால் விலை உயர்ந்த வரிசைக்குத்தான் போக வேண்டும். ஊஃபரின் பெரிய கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) கொஞ்சம் அசைந்தாலே நிறையக் காற்றைத் தள்ளிவிடும். அதனால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் முக்கி முனகாமல், இயல்பாக வரும். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போதுகூட அந்த நிறைவு தெரியும்.

தொழில்நுட்பம் பழசாகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள்ளிருந்தும் ஆழமான பேஸ் வரும் என்று எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர்-1 என்ற ஸ்பீக்கர் காட்டியது 1954இல். ஓர் ஊஃபருக்கு எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிட பொறியாளர்களான நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வழி செய்தார்கள். இன்றைய ஸ்பீக்கர்களும் அதே கணக்கில்தான் செய்யப்படுகின்றன.

இவ்வளவு வயசான ஸ்பீக்கர்ல எதெல்லாம் கெட்டுப்போயிருக்கும்?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி. கெட்டுப்போனவற்றை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சரிசெய்யக் கூடியவை, மாற்று கிடைக்காதவை. ஊஃபர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு, கிராஸோவரில் (தாழ், உயர் ஒலிகளைப் பிரித்து அனுப்பும் சுற்று) இருக்கும் கண்டன்சர்கள், பின்னால் கம்பி மாட்டும் டெர்மினல், முன்பக்கத்தை மூடும் கிரில் துணி, பெட்டி மேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடான வெனீர் எல்லாம் முதல் வகை. வயதானால் இவை போகத்தான் செய்யும். போனாலும் பயமில்லை.

எரிந்துபோன ட்வீட்டர் (உயர் ஒலிகளுக்கான சிறிய யூனிட்), எரிந்துபோன மிட்ரேஞ்ச் (நடு ஒலிகளுக்கானது), நீர் பட்டு உப்பிய பெட்டி ஆகியவை இரண்டாம் வகை. அந்த மாடலுக்கென்றே செய்யப்பட்ட ட்வீட்டர் போய்விட்டால், அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வேறு ஏதோ ஒன்றைப் பொருத்தினால் சத்தம் வரும், ஆனால் அந்த ஸ்பீக்கரின் குணம் போய்விடும். பார்க்க அசிங்கமாக, ஃபோம் உதிர்ந்து, கிரில் கிழிந்து கிடக்கும் ஜோடியில் ட்வீட்டர்கள் இரண்டும் அசலாக, உயிரோடு இருந்தால் அது வாங்கத் தக்கது. பளபளவென்று இருந்து ஒரு ட்வீட்டர் செத்திருந்தால் நான் கை வைக்க மாட்டேன்.

ஃபோம் விளிம்பா, ரப்பர் விளிம்பா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கோனுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் வளையமாக ஓடும் பகுதிதான் விளிம்பு. ரப்பர் வழவழப்பாக, கொஞ்சம் கனமாக, சைக்கிள் டியூபைத் தொட்டது போல இருக்கும். துணி விளிம்பில் நெசவு கண்ணுக்குத் தெரியும், பெரும்பாலும் மடிப்பு மடிப்பாக இருக்கும், மேலே பிசுக்கான ஒரு பூச்சு இருக்கும். ஃபோம் சன்னமாக, ஸ்பாஞ்ச் மாதிரி நுண்துளைகளோடு இருக்கும்.

சந்தேகம் இருந்தால் விரல் நுனியால் மிக மெதுவாகத் தொடுங்கள். செத்த ஃபோம் தொட்ட இடத்தில் குழிந்து அப்படியே நின்றுவிடும். விரலை எடுத்தால் கறுப்பாக, பிசுபிசுவென்று, ஈரமான கரித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். சோப்புப் போட்டாலும் சீக்கிரம் போகாது. பாலியூரிதேன் ஃபோம் காற்றில் உள்ள ஈரத்தாலேயே சிதைகிற பொருள். "பெட்டியைப் பிரிக்கவே இல்லை, ஓட்டவே இல்லை" என்று விற்பவர் சொன்னாலும் ஃபோமுக்கு அதனால் பயன் இல்லை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் பொதுவாக 15, 20 ஆண்டுகளில் அது உதிர ஆரம்பித்துவிடும். துணியும் நல்ல ரப்பரும் பல மடங்கு காலம் தாங்கும்.

ஃபோம் உதிர்ந்துபோன ஸ்பீக்கரை வாங்கலாமா?

வாங்கலாம், மற்றதெல்லாம் சரியாக இருந்தால். விலை குறைத்துப் பேசவும் அது நல்ல காரணம். பழைய ஃபோமைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய வளையம் ஒட்டுவதை ரீஃபோம் என்பார்கள். பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். அங்குலக் கணக்கை மட்டும் பார்த்து வளையம் வாங்காதீர்கள். கோனின் விட்டம், சட்டத்தின் விட்டம், வளைவின் அகலம் மூன்றையும் அளந்து வாங்குங்கள். வளையம் விறைப்பாக இருந்தால் பேஸின் ஆழம் குறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒட்டும்போது கோன் நடுவில் நிற்பதுதான் வேலையின் உயிர்நாடி. ஒரு மயிரிழை சாய்ந்தாலும் உள்ளே வாய்ஸ் காயில் (காந்தத்துக்கு நடுவில் அசைந்து கோனை ஆட்டும் கம்பிச் சுருள்) உரசும். ஆழமான பேஸ் டோனை மெல்லிய சத்தத்தில் ஓடவிட்டு, உரசல் இல்லாத இடத்தில் கோனை நிறுத்தி ஒட்டுவது ஒரு வழி. கோனின் நடுவில் தூசு புகாமல் மூடியிருக்கும் டஸ்ட் கேப்பை வெட்டி, காயிலைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைச் செருகி ஒட்டுவது இன்னொன்று. இது கூடுதல் துல்லியம் தரும், ஆனால் கேப்பைத் திரும்ப ஒட்ட வேண்டும். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உதிர்ந்த ஃபோமோடு ஸ்பீக்கரைச் சத்தமாக ஓட்டிப் பார்க்காதீர்கள். தாங்கிப் பிடிக்க விளிம்பு இல்லாமல் கோன் தறிகெட்டு ஆடி, நன்றாக இருக்கும் காயிலும் கெட்டுவிடும்.

பார்க்கப் போகும்போது கையில என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

டார்ச், ஸ்க்ரூடிரைவர், மல்டிமீட்டர், ஒரு 1.5 வோல்ட் பேட்டரி, நான்கைந்து அடி ஸ்பீக்கர் கம்பி. போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றையும், உங்களுக்கு மனப்பாடமான இரண்டு மூன்று பாட்டுகளையும் ஏற்றிக்கொள்ளுங்கள். விற்பவரிடம் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இல்லை என்றால் சின்னதாக ஒன்றை நீங்களே கொண்டுபோக வேண்டியதுதான். "ஓட்டிக் காட்ட வசதியில்லை, ஆனால் நன்றாகத்தான் இருந்தது" என்று சொன்னால், ஓடாத ஸ்பீக்கருக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்கு மேல் கொடுக்காதீர்கள்.

போனதும் கிரிலைக் கழற்றச் சொல்லுங்கள். பல பேர் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். கிரிலுக்குப் பின்னால்தான் எல்லாக் கதையும் இருக்கிறது.

கோனை அழுத்திப் பார்க்கணும்னு சொல்றாங்க. உடைஞ்சிடாதா?

ஊஃபரை மட்டும் அழுத்துங்கள். ட்வீட்டர், மிட்ரேஞ்ச் இவற்றின் முன்னால் அரைக்கோளமாக உப்பியிருக்கும் குமிழ்களைத் தொடவே கூடாது. விரல்களை விரித்து, டஸ்ட் கேப்பைச் சுற்றி நான்கு பக்கமும் சமமாக வைத்து, சில மில்லிமீட்டர் மட்டும் மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தமே இல்லாமல் போய் வந்தால் நல்லது. மணலில் காகிதத்தை இழுப்பது போல ஒரு 'சரக்' கேட்டால் காயில் உரசுகிறது. அது எரிந்து உப்பிய காயிலாக இருக்கலாம், கீழே விழுந்து காந்தம் நகர்ந்ததாக இருக்கலாம், யாரோ அவசரமாகச் செய்த ரீஃபோமாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று சொல்ல முடியாது என்பதால் நான் அதை மோசமான பக்கமாகவே எடுத்துக்கொள்வேன்.

துளையில்லாத மூடிய பெட்டி என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். கையை எடுத்ததும் கோன் சோம்பலாக, மெதுவாகத் திரும்பி வந்தால் பெட்டி காற்றுக் கசியாமல் இருக்கிறது என்று அர்த்தம். சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் ஊஃபரைச் சுற்றிக் காற்றடைக்கும் வளையமான கேஸ்கெட்தான். எளிதில் சரியாகிவிடும்.

மல்டிமீட்டர்ல 8 ஓம் வரல, 6 தான் காட்டுது. போச்சா?

போகவில்லை, அதுதான் சரி. 8 ஓம் என்பது பாட்டு ஓடும்போது உள்ள இம்பீடன்ஸ், அதாவது மாறு மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் மொத்தத் தடை. மீட்டர் காட்டுவது காயில் கம்பியின் வெறும் மின்தடை. 8 ஓம் ஸ்பீக்கரில் அது சுமார் 5.5 முதல் 7 வரையிலும், 4 ஓம் ஸ்பீக்கரில் 3 முதல் 3.5 வரையிலும் இருக்கும். எண்ணைவிட ஜோடி இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்டுகிறதா என்பதைப் பாருங்கள்.

ஆனால் பின் டெர்மினலில் மீட்டர் வைத்தால் ஊஃபரின் கதை மட்டும்தான் தெரியும். ட்வீட்டருக்குப் போகும் வழியில் கண்டன்சர் இருப்பதால் மீட்டரின் மின்சாரம் அங்கே போகவே போகாது. ட்வீட்டர் செத்திருந்தாலும் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும்.

அப்போ ட்வீட்டர் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

நானே சறுக்கிய இடம் இது. ஒரு சாயங்காலம், இருட்டுவதற்குள் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து ஓட்டிக் கேட்டேன். இரண்டிலிருந்தும் பாட்டு வந்தது, பேஸ் அருமையாக இருந்தது, வாங்கிவிட்டேன். வீட்டில் வைத்த பிறகுதான் பாடகியின் குரல் எப்போதும் இடது பக்கமாகவே சாய்ந்து நிற்பது தெரிந்தது. வலப்பக்க ட்வீட்டர் எரிந்து எத்தனை வருஷம் ஆகியிருந்ததோ. அதே ட்வீட்டருக்காகப் பல மாதம் தேடினேன்.

அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். ஒரு காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டருக்கு நேராகப் பிடித்து மறு முனையில் காதை வையுங்கள். சத்தம் குறைவாக இருக்கட்டும். சிம்பலின் 'ஸ்ஸ்' ஒலி இரண்டிலும் ஒரே அளவில் வர வேண்டும். டோன் ஜெனரேட்டரில் 5,000 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே போய் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 14,000, 15,000க்கு மேல் உங்களுக்கே கேட்காமல் போகலாம். அது வயதைப் பொறுத்தது, ஸ்பீக்கரின் குற்றமில்லை.

ஒரு பக்கம் சத்தமே இல்லை என்றாலும் உடனே ட்வீட்டர் மேல் பழி போட வேண்டாம். கிராஸோவரில் கம்பி விட்டுப்போயிருக்கலாம். விற்பவர் சம்மதித்தால் ட்வீட்டரைக் கழற்றி, கம்பியை எடுத்துவிட்டு நேராக மீட்டர் வையுங்கள். ஓம் எண் காட்டினால் காயில் உயிரோடு இருக்கிறது. காட்டாவிட்டால் எரிந்துவிட்டது. காயிலைச் சுற்றி ஃபெர்ரோஃப்ளூயிட் என்ற காந்தத் திரவம் விட்ட ட்வீட்டர்களில், அது காய்ந்து இறுகியும் சத்தம் மங்கும். பழையதைத் துடைத்துப் புதிது விட்டால் பல சமயம் சரியாகும்.

ட்வீட்டர் குமிழ் உள்ள அழுங்கியிருக்கு. சத்தம் வருது. விட்டுடலாமா?

துணிக் குமிழ் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மெல்லிய ஒட்டுநாடாவால் மெதுவாக இழுத்தாலே வெளியே வந்துவிடும். உலோகக் குமிழ் பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்பாது. காகிதக் குழாய்ச் சோதனையில் ஜோடிக்குள் வித்தியாசம் தெரியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

1974இல் வந்த யமஹா என்எஸ்-1000எம் விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதன் ட்வீட்டரும் மிட்ரேஞ்சும் பெரிலியம் என்ற உலோகத்தால் ஆனவை. குமிழ் உடைந்திருந்தால் துண்டுகளைத் தொடாதீர்கள், ஊதாதீர்கள். பெரிலியத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

முன்னாடி இருக்கிற ட்ரெபிள் (உயர் ஒலி) திருகியைத் திருப்பினா கரகரங்குது

உள்ளே துரு. பல தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் சரியாகும். பழைய ஏஆர் நிறுவன மாடல்களில் இது மிகச் சாதாரணம். ட்வீட்டர் செத்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட சில ஸ்பீக்கர்கள் இந்தத் திருகியைத் துடைத்ததுமே பாட ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கினதும் கண்டன்சர் எல்லாத்தையும் மாத்தியே ஆகணுமா?

கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். உள்ளே இருப்பது எந்த வகை என்று முதலில் பாருங்கள். பிளஸ், மைனஸ் வேறுபாடு இல்லாத எலக்ட்ரோலிட்டிக் வகை வயதானால் மதிப்பு மாறி, உள்தடை ஏறிவிடும். உயர் ஒலிகள் மங்கும், இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி ஒலிக்கும். ஃபிலிம் வகை அப்படி எளிதில் கெடாது.

மாற்றினால் மைக்ரோஃபாரட் மதிப்பு பழையதில் அச்சிட்டிருப்பதே இருக்கட்டும். எலக்ட்ரோலிட்டிக் இருந்த இடத்தில் விலை உயர்ந்த ஃபிலிம் கண்டன்சரைப் போட்டால், உள்தடை குறைவதால் ட்ரெபிள் கொஞ்சம் தூக்கலாக வரலாம். அது பிடிக்கவில்லை என்றால் ஒரு சின்ன ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்ப்பார்கள். என் வழக்கம், முதலில் ஒரு மாதம் இருப்பதை வைத்தே கேட்பது. எது குறை என்று காதுக்குத் தெரிந்த பிறகு பெட்டியைத் திறந்தால், செய்த மாற்றம் நல்லதா கெட்டதா என்றும் தெரியும்.

என் ஆம்ப் 30 வாட்ஸ். ஸ்பீக்கர் பின்னாடி 100 வாட்ஸ்னு போட்டிருக்கு. ஓடுமா?

ஓடும். அந்த 100, ஸ்பீக்கர் தாங்கும் அளவு. அதற்குத் தேவையான அளவு அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் வேண்டும். பிபிசி வடிவமைத்த சின்னப் பெட்டியான எல்எஸ்3/5ஏ சுமார் 83 டெசிபல், கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹெரசி 96 அளவில். இடைவெளி 13 டெசிபல். ஹெரசி 1 வாட்டில் தரும் சத்தத்துக்கு அந்தச் சின்னப் பெட்டிக்கு 20 வாட் வேண்டும்.

சிறிய ஆம்பில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வால்யூமைத் திருகிக்கொண்டே போய் ஒலி பிசிறடிக்க ஆரம்பித்தால், அந்தப் பிசிறின் பெரும் பங்கு ட்வீட்டருக்குத்தான் போகும், அது எரியும். மாற்று கிடைக்காத பாகம் அது என்பதை மறக்க வேண்டாம். ஓமையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆம்ப் 8 ஓமுக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.

ஒத்தை ஸ்பீக்கர்தான் கிடைக்குது. அதே மாடல்ல இன்னொன்னு தேடிச் சேர்த்துக்கலாமா?

முடியும், ஆனால் நான் ஊக்குவிக்க மாட்டேன். ஒரே பெயரில் வந்த மாடலிலும் நடுவில் ட்வீட்டரையோ கிராஸோவரையோ மாற்றியிருப்பார்கள். எல்எஸ்3/5ஏவிலேயே முதலில் வந்தது 15 ஓம், பின்னால் வந்தது 11 ஓம். இரண்டையும் ஜோடி சேர்க்க முடியாது. சீரியல் எண்கள் அடுத்தடுத்து இருக்கும் ஜோடி கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

பேர் பெற்ற மாடலா பார்த்து வாங்கினா ஏமாற மாட்டோம்தானே?

பெயர் இருந்தால் தகவலும் உதிரிபாகமும் கிடைக்கும், அது பெரிய வசதி. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கண்ணி உண்டு. 1968இல் வந்த போஸ் 901இல் முன்னால் ஒன்று, பின்னால் எட்டு என ஒன்பது சிறிய யூனிட்கள். அதற்கென்றே உள்ள, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்யும் ஈக்வலைசர் பெட்டி இல்லாமல் அது சரியாகவே ஒலிக்காது. ஈக்வலைசர் தொலைந்த 901கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. குவாட் இஎஸ்எல் 1957இல் வந்த மின்நிலை ஸ்பீக்கர் (கோனுக்குப் பதில் மெல்லிய படலம் மின்புலத்தால் அசையும்), சுவரில் பிளக் மாட்ட வேண்டும், உள்ளே உயர் மின்னழுத்தம் உண்டு. குரல் அதில் வருவது போல வேறெதிலும் வராது என்பேன். ஆனாலும் முதல் ஸ்பீக்கராக அதை வாங்காதீர்கள்.

ஜேபிஎல் எல்100இல் ஊஃபர் விளிம்பு துணி, பிழைத்துக்கொள்ளும். ஆனால் சதுரம் சதுரமாக வெட்டிய அதன் கிரில் ஃபோம், மேலே சொன்ன ஊஃபர் ஃபோம் மாதிரியே உதிர்ந்துபோகும். கிரில் உதிர்ந்ததைப் பார்த்து ஸ்பீக்கரே போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

பேட்டரி வெச்சுப் பார்த்தா கோன் உள்ள போகுது. தப்பா மாட்டியிருக்காங்களா?

1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு நொடி தொட்டால் ஊஃபர் வெளியே வர வேண்டும். இது பொது வழக்கம். பழைய ஜேபிஎல் ஊஃபர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்யப்பட்டவை, அவை உள்ளேதான் போகும். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஜோடி இரண்டும் ஒரே பக்கம் அசைய வேண்டும், அதுதான் முக்கியம். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே என்றால் யாரோ ஒருமுறை கழற்றி மாற்றி மாட்டியிருக்கிறார்கள். மீதி எல்லாவற்றையும் இரண்டு தடவை பாருங்கள்.

எல்லாம் பார்த்து வாங்கிட்டு வந்தேன். வீட்ல மாட்டினா பேஸே இல்ல!

இரண்டு கம்பிகளில் ஒன்றில் பிளஸ்ஸும் மைனஸும் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே ஒரு ஸ்பீக்கரின் கம்பியை மட்டும் மாற்றி மாட்டுங்கள். பேஸ் திரும்பி, குரல் நடுவில் வந்து நின்றால் அதுதான் காரணம்.

கம்பி சரியாக இருந்தும் குறை தெரிந்தால் இடத்தை மாற்றிப் பாருங்கள். சுவரை ஒட்டினால் பேஸ் கூடும், மூலையில் இன்னும் கூடும், சுவரை விட்டு விலகினால் தெளிவு கூடும். ட்வீட்டர் நீங்கள் உட்காரும் உயரத்தில் காதுக்கு நேராக இருக்கட்டும். தரையில் வைத்த பெரிய பெட்டிகளை ஒரு அடி உயர ஸ்டாண்டில் ஏற்றி, கொஞ்சம் பின்னால் சாய்த்தாலே பாதி மந்தம் விலகும். நாற்காலியையும் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். அறையில் சில இடங்களில் பேஸ் தானாகவே இறந்துபோகும், அந்த இடத்தில்தான் உங்கள் நாற்காலி இருக்கிறதோ என்னவோ. இதையெல்லாம் செய்து ஒரு வாரம் கேட்ட பிறகும் ஒரு பக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தால், கண்டன்சர் பற்றிய பதிலுக்குத் திரும்புங்கள். இப்போது பெட்டியைத் திறக்கலாம்.